பளபளன்னு மின்னுற பழைய வாட்ச் வாங்கறதுக்கு முன்னாடி

செகண்ட்ஹேண்ட்ல வைரக்கல் பதிச்ச லக்சரி வாட்ச் ஏதாவது சல்லிசா கிடைச்சா உடனே பணத்தை எடுக்காதீங்க, அந்தக் கல்லு கம்பெனியிலயே வச்சதா இல்ல பின்னாடி எவனாவது வெளியில குடுத்து பதிச்சதான்னு முதல்ல பாருங்க, ஏன்னா வெளியில பதிச்சதுன்னா ரீசேல் வேல்யூ பாதாளத்துக்குப் போயிடும், சில கம்பெனிக்காரங்க சர்வீஸுக்கே எடுக்க மாட்டாங்க. லூப் (கண்ணுக்கிட்ட வச்சுப் பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி) வச்சுப் பார்த்தா கல்லுங்க ஒரே சைஸ்ல, ஒரே உயரத்துல, பசை தெரியாம இருக்கணும். ரெஃபரன்ஸ் நம்பரை (கம்பெனி அந்த மாடலுக்குக் குடுத்த நம்பர்) தேடி அந்த மாடல் கல்லோட வந்துச்சான்னும் பாருங்க.

அப்புறம் பெசல் ஸ்க்ரூ, அதாவது டயலைச் சுத்தி இருக்கிற வளையத்துல உள்ள ஸ்க்ரூ. ஆடமார் பிகே கம்பெனியோட ராயல் ஓக் மாடல்ல இருக்கிற 8 ஸ்க்ரூவோட தலையில உள்ள கோடும் வட்டத்தைச் சுத்தி ஒழுங்கா ஒரே வரிசையில நிக்கும், கோணல்மாணலா இருந்தா சந்தேகப்படணும். ஆனா 2005ல வந்த ஹுப்ளோ கம்பெனியோட பிக் பேங் மாடல்ல 6 ஸ்க்ரூ ஆளுக்கொரு பக்கம் திரும்பித்தான் இருக்கும், அதைப் பார்த்து போலின்னு முடிவு கட்டிடாதீங்க (நானும் ஒருதடவை அப்படி நினைச்சு நல்ல பீஸை விட்டவன்தான்).

சாவி குடுக்கிற மெக்கானிக்கல் வாட்ச்னா, அதோட ஓட்டத்தை அளக்கிற டைம்கிராஃபர் மெஷின்ல வைக்கச் சொல்லுங்க. ஃபுல்லா சாவி குடுத்து டயல் மேல பார்த்த மாதிரி வச்சா ஆம்ப்ளிட்யூட் (உள்ள இருக்கிற பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு தூரம் ஆடுதுங்கற அளவு) பொதுவா 270 டிகிரிக்கு மேல வரணும், 220 பக்கம் தடுமாறுச்சுன்னா சர்வீஸ் செலவையும் கழிச்சு விலை பேசுங்க, க்ரோனோகிராஃப்னா (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) அந்தச் செலவு நல்லாவே கடிக்கும். பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பெல்லாம் மழுங்கிப் போனதை மட்டும் தொடாதீங்க, கீறல் இருந்தாக்கூட பரவால்ல.