ஆணையைக் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள்

26 ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகங்களில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் நான். அரசு ஆணை எது கைக்கு வந்தாலும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். அது எதுவரை செல்லும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. எல்லோரும் தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, மறுநாளே ஓர் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, கடிதங்களின் இரகசியம் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன, 'மறு உத்தரவு வரும்வரை'. 1945இல் நாஜி ஆட்சி விழும்வரை அந்த மறு உத்தரவு வரவேயில்லை. இந்த மூன்று சொற்களை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, உங்கள் தெருவிலேயே ஒருநாள் காவல் படையும் கேமராக்களும் ஒன்றாக வந்து இறங்கினால்? முதலில் ஒரு தாளை எடுங்கள். நேரம், இடம், வண்டி எண், என்ன சொன்னார்கள், உடன் பார்த்தவர் யார் என்று எழுதி அடியில் தேதி போடுங்கள். மறுநாள் எழுதினால் நினைவோடு கோபமும் கலந்துவிடும்.

அப்புறம் ஆணையைக் கேளுங்கள். எண் என்ன, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கையெழுத்து யாருடையது, எந்த எல்லைக்கு, எந்தத் தேதிவரை? குரலை உயர்த்த வேண்டாம். தடி வைத்திருப்பவரோடு அங்கேயே வாதாடவும் வேண்டாம். ஒரு விழாவுக்காக எங்கள் தெருவை அடைத்தபோது நானும் கேட்டேன். "மேலிடத்து உத்தரவு" என்றார்கள். எழுதிக் கேட்டு நகல் வாங்கினால், அனுமதி ஒரே நாளுக்கு. தடுப்பு நின்றதோ ஒன்பது நாள். நகலை இணைத்து நாலு வரியில் புகார் கொடுத்தேன். அன்று மாலையே தடுப்பை எடுத்துவிட்டார்கள்.

ஒரு கடிதத்தில் ஒரே விஷயத்தை எழுதுங்கள். முத்திரை போட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அரசு ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை 1766இலேயே ஸ்வீடனில் சட்டமானது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் மட்டும் கடிதத்தோடு நிற்காதீர்கள். உடனே வழக்கறிஞரிடம் ஓடுங்கள். பிடித்துப்போனவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை எழுத அவருக்கு முழுப்பெயர், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், கூட்டிப்போனவர்கள் யார் என்ற விவரம் வேண்டும். இவற்றைச் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு வந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் பொழுது போய்விடும்.

எங்கேயும் தனியாகப் போகாதீர்கள். 1977 ஏப்ரல் 30 அன்று அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில், இராணுவ ஆட்சி பிடித்துப்போன பிள்ளைகளைக் கேட்டு 14 தாய்மார்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்காதே, நட என்று காவலர்கள் விரட்ட, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். நீங்களும் ஒரு துணையை இப்போதே பேசிவையுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத.