வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷனா? அதற்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள்

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று நோயாளியைக் கட்டிலிலேயே உட்கார வைத்துவிடுகிறோம், அதுதான் தப்பு. பல பேருக்கு முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன் என்பதால் நடுவில் சில வாரங்கள் கிடைக்கும். ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் 20, 30 நிமிடம் பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்கலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது. பீடி, சிகரெட் என்றால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி இருக்கிறதே, நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! மெதுவாக உள்ளே இழுத்து பந்தைச் சில நொடி மேலேயே நிறுத்த இப்போதே பழகிவிட்டால், தையலோடு படுத்திருக்கும்போது நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அது உதவும். இருமினால் வலிக்கிறதா, ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு கூடட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 6 வேளை. இரைப்பையை முழுதாக எடுத்திருந்தால் பி12 ஊசி ஆயுசுக்கும் தேவைப்படும், எப்போது தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.