செட்டிநாட்டுப் பழைய வீட்டில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு இப்போது இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு வருகிறார்கள். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கூரை ஒழுகும்போது சுவருக்கு வண்ணம் அடிப்பது போன்ற, எவருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

வீடு முழுவதற்கும் ஒரே வயது என்று கொள்வது

முகப்பில் தொடங்கி வளவு (நடுவில் திறந்தவெளி கொண்ட முதல் கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு அடுத்த தெருவில் முடியும் இவ்வீடுகளில் பல, ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. வளவு ஒரு தலைமுறையில் எழுந்திருக்கும். கடல் கடந்த வணிகத்தில் செல்வம் பெருகியபின் அடுத்த தலைமுறை முகப்பை இடித்துப் பெரிதாக்கியிருக்கும். 1930களில் மேல்மாடி ஏறியிருக்கும். வாசலுக்கு மேல் சுதையில் எழுதியிருக்கும் ஆண்டு, முகப்பைப் புதுப்பித்த ஆண்டாகவே இருக்கலாம். 1942இல், அவ்வணிகம் பெருமளவில் நடந்த பர்மா ஜப்பானியர் வசம் போனபின் வந்த மாற்றங்களோ பெரும்பாலும் வேறு வகையானவை: வீடு வளர்வதற்குப் பதிலாக, பங்காளிகளுக்கிடையே பிரிந்தது.

ஒரு பொருளை மட்டும் பார்த்துக் காலம் கணிப்பதும் ஆபத்தானது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல்தான் தொடங்கியது. ஆகவே அவ்வகை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் கூரைக்குக் கீழுள்ள சுவர் முந்தியதாக இருக்கலாம். தரையில் பாவும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்யப்படுவது; பழைய தரையின்மேல் பிற்காலத்திலும் பாவியிருக்கலாம். அது பாவிய தரையைக் கொண்டு அறையின் வயதைச் சொல்லவே முடியாது. இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று கட்டுமானத்தில் பின்னியிருக்கின்றனவா, அல்லது ஒன்றன்மேல் மற்றொன்று சாய்ந்து நிற்கிறதா என்று மூலையில் பாருங்கள். எது முந்தியது என்று அந்த மூலைதான் சொல்லும்.

பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடும் பெரும் செலவோடும் செய்யப்படும் அழிவு இது.

நான் பார்த்த ஒரு வீட்டில், வளவுச் சுவரில் ஆங்காங்கே விரிசல் இருக்கிறது என்பதற்காக, ஒப்பந்தக்காரர் பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். நீற்றிய சுண்ணாம்பைப் பல அடுக்குகளாகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கை வைத்தால் பளிங்கு போல் குளிரும். கொத்தியபோது உள்ளே அடைக்கப்பட்ட ஒரு வாசலின் செங்கல் வளைவு தெரிந்தது. அந்த அறை ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதற்கான ஒரே சான்று அதுதான். ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடினார்கள்.

பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. இந்தச் சுவர்களின் அடியில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலே மேலே ஏறுகிறது. அதில் கரைந்த உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. அந்த வீட்டில் மழைக்காலம் முடிந்ததும் நெஞ்சுயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு பூச்சு பாளம் பாளமாக விழுந்தபோது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. நீர்புகாக் கலவை சேர்த்து மறுபடியும் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்து அறைக்குத் திரும்பி, பர்மா தேக்கு நிலைக்கதவின் அடிக்கட்டையை உளுக்க வைத்தது. கடைசியில் சிமெண்ட் முழுவதையும் உளியால் மெல்லப் பெயர்த்து, சுவரை உலரவிட்டு, பொரிந்த கற்களை மாற்றி, சுண்ணாம்பே பூச வேண்டியதாயிற்று. அடைத்த வாசலின் வளைவில் பாதி அந்தப் பெயர்ப்பிலேயே போய்விட்டது.

ஆகவே முதலில் விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுண்ணாம்பால் நிரப்பினால் போதும். மறைவான ஒரு மூலையில் பூச்சைப் படிப்படியாகச் சுரண்டினால், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய வண்ணங்கள் வெளிப்படும். ஒரு சுவரில் ஐந்து அடுக்கும் அதை ஒட்டிய சுவரில் இரண்டே அடுக்கும் இருந்தால், இரண்டாவது பிற்காலத்தது என்று ஐயுறக் காரணம் கிடைக்கிறது. பலத்துக்காகச் சுண்ணாம்பில் கொஞ்சம் சிமெண்ட் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் வண்ணமும் அதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்யும்.

பிற்காலச் சேர்க்கையை எல்லாம் இடிப்பது

மூல வடிவத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று 1930களின் மாடியை அகற்ற நினைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஆண்டின் வடிவத்துக்கு? இரும்பு உத்தரமும் வளைந்த பால்கனியும் அக்குடும்பத்தின் வாழ்க்கையைத் தேக்குத் தூணைப் போலவே காட்டுகின்றன. பங்காளிகள் எழுப்பிய குறுக்குச் சுவரை எடுக்கலாம்; ஆனால் மேலேயுள்ள உத்தரம் இத்தனை ஆண்டுகளில் அதன்மேல் சுமையை இறக்கியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே எடுக்க வேண்டும்.

பாகப் பத்திரத்தைப் படிக்காமல் தொடங்குவது

வேண்டாம்.

வளவின் திறந்தவெளியைத் தகரத்தால் மூடுவது

நான்கு பக்கக் கூரையின் மழைநீரும் அங்கேதான் இறங்குகிறது. மூடுவதற்கு முன், அந்த நீர் எங்கே போகும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள்.