குருத்துப்பூச்சியா, கரம்பை எலியா: நெல் வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவு முடிந்து ஒரு மாதமான வயலில் ஆங்காங்கே பயிர் காய்ந்தும் குறைந்தும் தெரிந்தால், வரப்பில் நின்றபடியே காரணத்தை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு. மஞ்சள் குருத்துப்பூச்சியின் புழு தண்டை உள்ளிருந்து தின்கிறது. வயலில் வளை தோண்டி வாழும் கரம்பை எலியோ அதே தண்டை வெளியிலிருந்து கடித்துத் துண்டிக்கிறது. வயலில் இறங்கி, காய்ந்த நடுக்குருத்தை இரு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது எளிதாக உருவிக்கொண்டு வந்து, தண்டைப் பிளக்கும்போது புழுவோ அதன் எச்சமோ தென்பட்டால் குருத்துப்பூச்சிதான். எலி வெட்டிய தூரில் உருவுவதற்குக் குருத்தே இராது. தரைக்குச் சற்று மேலே கத்தியால் சாய்வாக அரிந்தது போன்ற வெட்டும், சிதறிய தண்டுத் துண்டுகளும் கிடக்கும்.

கதிர் வந்தபின் நேரும் தவறு இதைவிடப் பெரியது. புழு தாக்கிய கதிர் மணி பிடிக்காமல் வெளுத்து நிமிர்ந்து நிற்பதால், தூரத்திலிருந்தே கண்ணில் பட்டு, பழி முழுவதையும் ஏற்கிறது. எலி வெட்டிய கதிரோ வளைக்குள் போய்விடுகிறது. இல்லாத கதிரை யார் எண்ணுவது? வெண்கதிரை மட்டும் எண்ணி இழப்பை ஒப்பிட்டால், எலியின் பங்கு கணக்கில் வராமலே போகும். வரப்போரப் பயிரை விட்டுவிட்டு உள்ளே வெட்டுவதும் எலியின் வழக்கம் என்பதால், நடுவயல் வரை நடந்து, வெட்டுப்பட்ட தூர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

குருத்துப்பூச்சியின் வளர்ந்த பருவமான அந்துப்பூச்சி பறப்பதைக் கண்டவுடன் மருந்தடிப்பதும் தேவையற்றது. சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 விழுக்காடு காய்ந்த குருத்து என்பதே வளர்ச்சிப் பருவத்திற்கான பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய அளவு. பெண் பூச்சி இலை நுனியருகே முட்டையிடுவதால், நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவது செலவில்லாத காப்பு. எலிக்குத் தனி ஒரு வயலின் கணக்கு மட்டும் போதாது. தன் வயலில் மட்டும் கிட்டி என்னும் எலிப்பொறி வைப்பவரின் வயலுக்கு அடுத்த வயலின் எலி வந்துவிடும். கதிர் தண்டுக்குள் திரளும் பொதி கட்டும் பருவத்திற்கு முன்பே அக்கம்பக்கத்தார் சேர்ந்து தஞ்சாவூர் கிட்டி வைப்பதே பலன் தரும்.

கூகை அலறுவதை அபசகுனமென்று விரட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இரவில் எலியைத் தேடிப் பிடித்துத் தின்னும் பறவை அது. அதுபோலவே, அறுவடைக்குப்பின் தாளை உழாமல் விட்டால் அதனுள் புழு தங்கிவிடும். புதர் மண்டிய அகன்ற வரப்பை அப்படியே விட்டால் எலி வளை தோண்டும்.