கோடிட்ட இடத்தை நிரப்பும் முன் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாடு போக எழுதும் பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். காலியிடங்கள் உள்ள பத்தி வந்ததும், தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் சொல் பட்டியலை நேராகத் திறக்காதீர்கள். மொத்தத்தையும் ஒருமுறை வேகமாகப் படித்து எதைப் பற்றியது என்று பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒவ்வொரு காலியிடத்துக்கும் முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் பாருங்கள்; முன்னால் 'தி', பின்னால் 'ஆஃப்' என்றால் நடுவில் வருவது பெரும்பாலும் பெயர்ச்சொல்தான், பட்டியலில் உள்ள வினைச்சொற்கள் அப்போதே கழிந்துவிடும்.

நம்மை அதிகம் இடறவைப்பது 'டிஸ்கஸ்' மாதிரியான சொற்கள். வீட்டில் 'அதைப் பற்றிப் பேசினோம்', பாறசாலை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மலையாளத்தில் அதையே 'அதினெக்குறிச்சு சம்சாரிச்சு' என்றே பேசிப் பழகியதால் 'டிஸ்கஸ்'ஸுக்குப் பின்னால் கை தானாக 'அபவுட்' போடுகிறது. அங்கே அது வராது. 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்', 'கன்சிஸ்ட்' வந்தால் 'ஆஃப்', இப்படி ஜோடி ஜோடியாக ஒரு நோட்டில் எழுதி திருவனந்தபுரம் பஸ்ஸில் போகும்போது புரட்டினேன், தனிச்சொல்லாக மனப்பாடம் செய்ததைவிட இதுதான் மனதில் நின்றது.

தினமும் இரண்டு பத்தி போதும். ஆனால் தப்பான ஒவ்வொரு இடத்துக்கும் ஏன் தப்பு என்று பக்கத்திலேயே எழுதுங்கள், அதை விட்டால் பயிற்சியே வீண்.

தெரியாவிட்டாலும் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள், பி.டி.இ.யின் இந்தக் கோடிட்ட இடக் கேள்விகளில் சரியான ஒவ்வொரு இடத்துக்கும் தனி மதிப்பெண், தப்புக்குக் கழிவு கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள் சொல் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு சொல் கேட்ட இடத்தில் மூன்று எழுதினால் மதிப்பெண் போச்சு, எழுத்துப்பிழை வந்தாலும் அப்படித்தான்.