செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி எழுதுகிறீர்களா? இங்கெல்லாம் வழுக்கும்

செக்ஸ் பிஸ்டல்ஸ் எழுபதுகளின் பிரிட்டிஷ் பங்க் குழு; பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை. கழுத்தில் பூட்டுச் சங்கிலி மாட்டிய சிட் விஷஸ், அதாவது குழுவில் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்தவரின் படத்தை மேலே போட்டுவிட்டுத்தான் பலர் கட்டுரையையே தொடங்குகிறார்கள். சறுக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1975 நவம்பர் 6 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் குழு முதன்முதலாக மேடையேறியபோது பேஸ் கிட்டார் வாசித்தவர் க்ளென் மேட்லாக். சிட் வந்தது 1977 பிப்ரவரியில். குழு உடைந்தது 1978 ஜனவரியில். ஓராண்டுகூட நிறையவில்லை.

ஒரே ஸ்டூடியோ ஆல்பமான 'நெவர் மைண்ட் த பொலக்ஸ்' பதிவில் பேஸ் வாசித்தது சிட் என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு வாசிப்பு சரியாக வராது. பெரும்பகுதியை கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸே வாசித்து முடித்தார். சந்தேகமிருந்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். 'அனார்க்கி இன் த யு.கே.' பாட்டில் மேட்லாக்கின் பேஸ், ஜோன்ஸின் கிட்டாரை விட்டு விலகி, ஏறி இறங்கித் தன் வழியில் போகும். 'ஹாலிடேஸ் இன் த சன்' பாட்டிலோ ஜோன்ஸ் வாசித்த பேஸ், கிட்டாரின் அடிச்சுரத்தையே ஒட்டிக்கொண்டு போகும். இரண்டையும் பிரித்துக் கேட்பதே சிரமம். ஆல்பத்தின் 12 பாட்டுகளில் 10-ஐ எழுதியதில் மேட்லாக்குக்குப் பங்குண்டு.

'வாசிக்கவே தெரியாத பையன்கள்' என்பதும் பொருந்தாது. ஜோன்ஸ் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கடுக்காகப் பதிந்ததால்தான் அந்தச் சுவர் போன்ற ஒலி. தடுமாறாமல் தாளம் பிடித்தவர் டிரம்மர் பால் குக்.

பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டுத் தட்டு) இவர்களுடையதல்ல. த டேம்ன்ட் குழுவின் 'நியூ ரோஸ்' 1976 அக்டோபர் 22-ல் வந்தது, 'அனார்க்கி' நவம்பர் 26-ல்.

மான்செஸ்டரில் 1976-ல் நடந்த இவர்களுடைய இரண்டு கச்சேரிகளையும் ஒன்றாக்கிக் குழப்புவார்கள். ஜூன் 4 கச்சேரியை ஏற்பாடு செய்த பஸ்காக்ஸ் என்ற உள்ளூர்க் குழுவினர் அன்று வாசிக்கவில்லை. ஜூலை 20-ல்தான் மேடையேறினார்கள்.

இவர்களுடைய 'காட் சேவ் த குயின்' சிங்கிள் பிரிட்டனின் அதிகாரப்பூர்வ விற்பனைப் பட்டியலில் எட்டியது 2-ஆம் இடம். முதலிடத்தைத் திட்டமிட்டுத் தடுத்தார்கள் என்பது வலுவான சந்தேகம். சந்தேகம் என்றே எழுதுங்கள். இதே சிங்கிளை ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனம் அச்சிட்ட பதிப்பைக் காசு கொடுத்து வாங்க நினைப்பவர்களும் நிதானிக்க வேண்டும். 1977 மார்ச் 10-ல் குழுவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அந்த நிறுவனம் 16-ஆம் தேதியே விலகி, அச்சிட்ட தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. தப்பியவை மிகச் சில, போலிகளோ ஏராளம்.

சிட் 1979 பிப்ரவரியில் இறந்தார். 1996-ல் குழு மறுபடி கூடியபோது பேஸ் கிட்டாரோடு நின்றவர் மேட்லாக்.