மூன்றே நாளில் நின்றுபோன குடும்ப ஜெபம் சரியானது எப்படி

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்கினால் மூன்றாம் நாளே நின்றுவிடும். ராத்திரி 9 மணிக்கு அலாரம் வைத்தேன், பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிட்டார்கள். காலை 6 மணிக்கு மாற்றினால் பள்ளிக்கூட அவசரம். செல்போனில் வேதாகமத்தைத் திறந்தால் வாட்ஸ்அப் கூப்பிடும். அப்புறம்தான் கவனித்தேன்: வேதாகமம் பீரோவில், அம்மாவின் கண்ணாடி வேறெங்கோ, அதைத் தேடி ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் கலைந்துவிடுகிறோம். இப்போது இரண்டும் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கின்றன, ரிப்பன் வைத்த பக்கத்தோடு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பாமாலையிலிருந்து (சபையில் பாடும் ஞானப்பாட்டுப் புத்தகம்) ஒரு பாட்டு, 119ஆம் சங்கீதத்தில் 8 வசனம் (அது எட்டெட்டாக 22 பகுதி, எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே வேண்டாம்), பிறகு இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது ஓடுகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.